நகைப் பெட்டிக்குள் ஒரு கடிகாரம்

கணவனை அடக்கம் செய்த மூன்றாம் நாள்தான் ஸுவைனாவுக்குத் தன் கையைப் பார்க்கவே தோன்றியது. இடது மணிக்கட்டில் வார் அழுத்திய தடம் மட்டும் இருந்தது. வாட்சைக் காணோம்.

வளையல் இல்லை, மோதிரம் இல்லை, கழுத்துச் சங்கிலி இல்லை. அதெல்லாம் போகட்டும். புருஷனை இழந்தவள் வீட்டோடு இத்தா இருக்கும் நான்கு மாதமும் பத்து நாளும் நகை கூடாது, மை கூடாது, அத்தர் கூடாது, மருதாணி கூடாது. அது அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. புருஷன் கல்ஃபானுக்காக வருஷக்கணக்கில் வெறுங்கையோடு உட்காரச் சொன்னாலும் உட்காருவாள். செய்தி வந்த அன்று அவள் மயங்கிக் கிடந்த நேரத்தில் புருஷன் வீட்டுப் பெண்கள் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றிய கையோடு வாட்சையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள்.

"ரையா, என் வாட்ச் எங்க?"

ரையா அடுத்த வீட்டுக்காரி. ஸூர் என்ற அந்தக் கடற்கரை ஊரில் ஸ்டீயரிங் பிடித்த பெண்களில் பாதிப்பேர் ஸுவைனாவிடம் கற்றவர்கள், ரையாவும் அப்படித்தான். பரீட்சையில் தோற்றுத் தோற்றுக் கடைசியில் போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினாள். இன்னமும் ஸுவைனாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

"உம்மு ஸாலிம்கிட்ட இருக்கு டீச்சர். எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்க. சாவி அவங்க கழுத்துல."

உம்மு ஸாலிம் என்பது நஸ்ரா. கல்ஃபானின் அக்கா. மூத்த மகன் பெயரைச் சேர்த்து, ஸாலிமின் அம்மா என்று, அவளை அப்படித்தான் ஊரே கூப்பிடும். ஸுவைனாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவள் வெறும் ஸுவைனா. துக்க வீட்டில் பெட்டிச் சாவி யார் கழுத்தில் தொங்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வாட்ச் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தச் சண்டையே புரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் நஸ்ரா கையை நீட்டிக் காப்பி வாங்கினாள். சும்மா வாங்கவில்லை. ஒரு குவளை காப்பிக்கு அத்தனை நீளம் கை நீட்டிய மனுஷியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மணிக்கட்டில் தங்கச் சங்கிலி போட்ட ஸ்மார்ட் வாட்ச் மின்னியது. "டாக்டர் சொன்னார்" என்றாள் நஸ்ரா. "எனக்குச் சர்க்கரை இருக்கில்ல? கட்டாயம் போட்டே ஆகணும்னுட்டார்." அவ்வளவுதான்! அடுத்த பெருநாளுக்குள் அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் டாக்டர் சொல்லிவிட்டார். ஒருத்திக்கு ரத்த அழுத்தம், ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்திக்கு என்னவென்றே தெரியாத களைப்பு. புருஷன்மார்கள் என்ன செய்வார்கள், பாவம்? தங்க வளையல் வாங்கித் தா என்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம். உடம்புக்கு என்றால் திருப்ப முடியுமா? கடைக்காரன் மட்டும் ஒருத்தருக்கும் வியாதி என்ன என்று கேட்டதில்லை. "வாருக்கு ரோஜாத் தங்கமா, மஞ்சள் தங்கமா?" என்றுதான் கேட்பான்.

ஸுவைனா மட்டும் என்ன, சந்நியாசியா? அவளுக்கும் வேண்டியிருந்தது. நஸ்ராவுடையதை விட ஒரு சுற்று அகலமான சங்கிலியோடு வேண்டியிருந்தது. "நெஞ்சு கொஞ்சம் படபடங்குது" என்று கல்ஃபானிடம் சொன்னாள். அவர் தூண்டில், வலை, கயிறு விற்கும் கடைக்காரர். மீனவர்கள் சொல்லும் புளுகையெல்லாம் தினம் கேட்டுப் பழகியவர். அவளை ஒரு பார்வை பார்த்தார். "படபடப்புக்கு மஞ்சள் தங்கம் நல்லதா, ரோஜாத் தங்கம் நல்லதா?" என்றார். மறுநாளே கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தந்தார். மனுஷன் அப்படி.

பொய் சொன்னதற்கு இதுதான் தண்டனையோ என்னவோ, அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சு நிஜமாகவே படபடத்தது. கடற்கரைச் சாலையில் ஒரு புது மாணவி காரை ஊர்வலம் போல நகர்த்திக்கொண்டிருந்தாள். ஸுவைனா பக்கத்து இருக்கையில், தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். வாட்ச் துடித்தது. நாடி தாறுமாறாக ஓடுகிறது என்று எழுத்து வந்தது. "என்னால தானா டீச்சர்? நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?" என்று அந்தப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டு, "இதயம் தாளம் தப்புது" என்றார். கையோடு மாத்திரை தந்தார். நாடி ஏறும்போது மட்டும் போட வேண்டும். சும்மா இருக்கும்போது போட்டால் நாடி இறங்கித் தலைசுற்றி விழுவாள். போட்டும் அடங்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரி. "வாட்சைக் கழட்டாதீங்க" என்றார் அந்த டாக்டர், மெய்யான டாக்டர். "துக்கம், தூக்கமில்லாம இருக்கறது, இந்த ரெண்டும் உங்களுக்கு ஆகாது."

இதை வந்து தெருப் பெண்களிடம் சொன்னாள். சிரித்தார்கள். "ஆமாமா, எங்களுக்கும் டாக்டர் சொன்னார்தானே!" என்று நஸ்ரா கண்ணடித்தாள். எல்லோரும் சொன்ன பொய்யை இவள் ஒருத்தி உண்மையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கல்ஃபான் ஒருத்தர் நம்பினார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னே, "உன் மணிக்காரன் என்ன சொல்றான்?" என்று கேட்பார். இவள் கையை நீட்டுவாள். பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

அந்தக் கல்ஃபான்தான் ஒரு நாள் மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கயிற்றுச் சுருள் மேல் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்கு வரக்காணோமே என்று தேடிப் போனவர்கள்தான் பார்த்தார்கள்.

வாட்ச் வந்த கதை இவ்வளவுதான். இனித் துக்க வீட்டுக்குள் வருவோம்.

கூடத்தில் சுவரோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேரீச்சம்பழத் தட்டு, காப்பிக் கூஜா. கூஜாவுக்குப் பக்கத்தில் நஸ்ரா. அவள் கண்கள் வீங்கியிருந்தன. அதையும் சொல்ல வேண்டும், அநியாயம் பேசக்கூடாது: தாய் செத்தபின் கல்ஃபானைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் அழுதது நடிப்பு இல்லை.

ஸுவைனா வெள்ளைத் துணியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு நேராகப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"உம்மு ஸாலிம், என் வாட்சைத் தாங்க."

"எந்த வாட்ச்?"

"பெட்டியில வச்சிருக்கீங்களே, அது."

"அல்லாஹ்வே! மூணு நாள் ஆகலை, தங்க வாட்ச் கேக்கறியா? உக்காரு. தண்ணி குடி. துக்கத்துல உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"புத்தி நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுதான் சரியில்லை. காலையிலேருந்து அடிச்சுக்குது. நாடி எவ்வளவு ஓடுதுன்னு தெரிஞ்சாத்தான் மாத்திரை போட முடியும்."

நஸ்ரா சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "புருஷன் செத்தா யாருக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்காது? எனக்கும்தான் அடிச்சுக்குது. நான் வாட்ச் கேட்டேனா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். துக்கத்துக்கும் நெஞ்சு அடிக்கும், நோய்க்கும் அடிக்கும். இது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"விரலை வச்சுப் பாரு. எங்க காலத்துல..."

"பார்த்தேன். ரெண்டு அடிக்குது, ஒண்ணு நிக்குது, அப்புறம் நாலு சேர்ந்து ஓடுது. எண்ண முடியலை."

மூலையிலிருந்து ஒரு கிழவி முணுமுணுத்தாள். "கொடுத்துடேன் நஸ்ரா. உடம்புக்குன்னு கேக்கறா."

"உடம்புக்கா?" நஸ்ராவின் குரல் ஏறியது. "இங்க இருக்கற யாருக்குத் தெரியாது அது எதுக்குன்னு? தங்கச் சங்கிலி போட்டது அலங்காரம்தான். இத்தாவுல அலங்காரம் கூடாது. நாளைக்கு ஊரு என்ன பேசும்? கல்ஃபான் பொண்டாட்டி மண்ணு காயறதுக்குள்ள மினுக்கிக்கிட்டு உக்காந்திருந்தான்னு பேசாதா? என் தம்பி பேரு என்ன ஆகும்?"

பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டார்கள். இங்கே அந்தப் பேச்சு நீள்வதில் யாருக்கும் இஷ்டமில்லை. அலங்காரம் என்று இங்கே தீர்ப்பாகிவிட்டால், வீட்டுக்குப் போனதும் புருஷன், "அப்போ உன் மூட்டுவலி?" என்று கேட்பானே.

ஸுவைனாவுக்குக் காதுக்குள் ரத்தம் இரைந்தது. பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. இருபது வருஷமாகப் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்தவள் அவள். எதிரே லாரி வந்தாலும் கண்ணை மூடிப் பழக்கமில்லை.

"டீச்சர், வாங்க, நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடுவோம்" என்று ரையா கையைப் பிடித்தாள். "உடம்புக்குன்னா இத்தாவுலயும் போகலாம்."

"போகலாம். ஆனா திருடி மாதிரி ஓடமாட்டேன். என் பொருளை என் கையில வாங்கிட்டுத்தான் போவேன். உம்மு ஸாலிம், ஷேக்கைக் கூப்பிடுங்க. போனை எல்லாருக்கும் கேக்கற மாதிரி வைங்க. அவர் கூடாதுன்னா நான் வாய் தொறக்க மாட்டேன்."

இதை நஸ்ரா எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுக்கவும் முடியாது. மார்க்கத்தைப் பேசியது அவள்தான். போனை எடுத்தாள். தெருப் பள்ளிவாசலின் ஷேக் நிதானமான மனுஷர். முதலில் மறைந்தவருக்காக துஆச் செய்தார். பிறகு நஸ்ரா விஷயத்தைச் சொன்னாள். தங்கச் சங்கிலி என்பதை இரண்டு தடவை சொன்னாள். நெஞ்சு விஷயத்தை ஸுவைனா பக்கத்திலிருந்து கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"தேவைக்குன்னா ஒரு தடையும் இல்லைம்மா" என்றார் ஷேக். "அழகுக்குன்னா இத்தா முடியட்டும். எதுக்குங்கறது போட்டுக்கறவங்க மனசுக்குத்தான் தெரியும். அல்லாஹ் அவங்களுக்குச் சுகத்தைத் தரட்டும்."

போன் அணைந்தது. நஸ்ரா மெதுவாகத் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"கேட்டியா? மனசுக்குத்தான் தெரியுமாம். இப்ப சொல்லு ஸுவைனா. உன் புருஷனுக்காகக் குர்ஆன் ஓதின இந்தக் கூடத்துல நின்னு சொல்லு. அதை எதுக்கு வாங்கின?"

நல்ல கிடுக்கிப்பிடி. உடம்புக்கு என்று சொன்னால் பச்சைப் பொய். அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அழகுக்கு என்றால் பெட்டி திறக்காது. ரையா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழகுக்குத்தான்" என்றாள் ஸுவைனா.

கூடத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"அழகுக்குத்தான் வாங்கினேன். உங்களுக்குப் போட்டியா வாங்கினேன் உம்மு ஸாலிம். அன்னிக்குக் கல்யாண வீட்டுல நீங்க கையை நீட்டுனதைப் பார்த்து எனக்குப் பொறாமையில ராத்திரி சோறு இறங்கலை. உங்க சங்கிலியை விட அகலமா வேணும்னு கடைக்காரன்கிட்ட கேட்டு வாங்கினேன். நெஞ்சு படபடக்குதுன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன். அவருக்குத் தெரியும் அது பொய்யின்னு. தெரிஞ்சேதான் வாங்கித் தந்தார். போதுமா? இதுல இங்க யாராவது எனக்கு மேல யோக்கியமா இருந்தா சொல்லுங்க."

எல்லோரும் பேரீச்சம்பழத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அலங்காரம்தான்" என்றாள் நஸ்ரா. "நீயே சொல்லிட்டே. பெட்டியிலயே இருக்கட்டும்."

"இருக்கட்டும். நீங்களே வச்சுக்குங்க. உங்க கையில இருக்கறதுக்கு ஜோடியா இருக்கும்."

சொல்லிவிட்டு ஸுவைனா படுக்கை அறைக்குள் போனாள். கல்ஃபானின் அலமாரியைத் திறந்ததும் அவர் வாசனை முகத்தில் அடித்தது. கயிறும் தாரும் கலந்த வாசனை. இப்போது அழுதால் ஆகாது என்று தட்டுகளைத் துழாவினாள். தொப்பிகள் அடுக்கியிருந்த தட்டில், அடியில், அது இருந்தது. எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நஸ்ராவின் முன்னால் தரையில் வைத்தாள்.

ஒரு வெள்ளை அட்டைப் பெட்டி. நஸ்ரா அதைப் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதை முகம் காட்டிக் கொடுத்தது.

"இது என்னன்னு ஞாபகம் இருக்கா உம்மு ஸாலிம்?"

நஸ்ரா காப்பிக் கூஜாவைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"நான் சொல்றேன். போன பெருநாளைக்கு அவருக்கு வாங்கினேன். என் நெஞ்சு பிழைச்சது இந்தச் சாமானால, அவருக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு வாங்கினேன். கறுப்பு. தங்கம் இல்லை, மினுக்கு இல்லை, வெறும் ரப்பர் வார். இதே கூடத்துலதான் அவர் கையில கட்டினேன். அவரும் சந்தோஷமாத்தான் கையைக் கொடுத்தார். அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"ஸுவைனா, வேண்டாம்..."

"என்ன சொன்னீங்க? 'தம்பி, வாட்ச் மட்டும் போதுமா, ரெண்டு கைக்கும் மருதாணி வச்சு விடறேன் வா'ன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். நானும்தான் சிரிச்சேன், நாசமாப் போறவ. அன்னிக்கு ராத்திரியே கழட்டிப் பெட்டியில வச்சுட்டார். 'இது பொம்பளைங்க நகை ஸுவைனா, இதைக் கட்டிக்கிட்டு ஆம்பளைங்க நடுவுல உக்காந்தா சிரிப்பாங்க'ன்னார். அதுக்கப்புறம் இதை அவர் தொடவே இல்லை. எப்படித் தொடுவார்? தெருவுல இருக்கற பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து இதை நகையாக்கி வச்சிருந்தோமே!"

நஸ்ரா பெட்டியின் மேல் கை வைத்தாள். "இதைக் கட்டியிருந்தா என் தம்பி பிழைச்சிருப்பானா?"

"தெரியாது. அது எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனா இது அவர் கையில இருந்திருந்தா, அவர் அங்க தனியாக் கிடந்தப்போ என் போன் ஒரு தடவை அடிச்சிருக்கும். ஒரே ஒரு தடவை. நான் இங்க சமையலறையில வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள். "நகைங்கற வார்த்தை என் புருஷனோட போகட்டும். இன்னொரு தடவை அதைக் கேட்டுக்கிட்டு நான் சாக மாட்டேன்."

பெட்டியைப் பிரித்தாள். உள்ளே அந்தக் கறுப்பு வாட்ச், கல்ஃபான் வைத்தபடியே வாரைச் சுருட்டி இருந்தது. சார்ஜரை ரையா ஓடிப்போய் மாட்டினாள். துக்க வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த கிழவிகூட எட்டிப் பார்த்தாள். திரை எரிந்தது. ஸுவைனா தன் போனோடு அதைச் சேர்த்து மணிக்கட்டில் கட்டினாள். வார் பெரிதாக இருந்தது. கடைசித் துளைக்கு இழுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பச்சை வெளிச்சம் தோலில் மின்னியது. அப்புறம் எண் வந்தது.

ரையா வாயைப் பொத்திக்கொண்டாள். அது துக்கத்தின் எண் இல்லை, துக்கத்துக்கு மட்டும் நாடி அவ்வளவு ஏறாது.

ஸுவைனா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அமைதியாகத்தான் குடித்தாள்.

"ரையா, கார் சாவி ஆணியில மாட்டியிருக்கு. எடு. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காருறேன்."

"நானா? டீச்சர், அந்த ரவுண்டானா..."

"ரவுண்டானா ஒண்ணும் உன்னைக் கடிச்சுத் தின்னாது. எடு."

வாசலில் நஸ்ரா குறுக்கே வந்து நின்றாள். தடுக்கத்தான் வந்தாளா, பழக்கத்தில் வந்தாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "வெளியில ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. மூணாம் நாளே நீ காருல ஏறிப் போறதைப் பார்த்தா என்ன பேசுவாங்க?"

"பேசட்டும் உம்மு ஸாலிம். அவங்க பேசறதைக் கேக்க நான் உயிரோட இருக்கணும். வழியை விடுங்க."

நஸ்ரா வழியை விட்டாள்.

வெளியே பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஸுவைனா தலையைக் குனியவில்லை. கல்ஃபானின் வாட்ச் அவள் வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்தது. அதை மறைக்கவும் இல்லை. காரின் மேல், பயிற்சி வண்டி என்ற பலகை அப்படியே இருந்தது. ஓட்டுகிறவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறித் தன் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டாள். அந்தப் பிரேக் மேல் கால் பட்டதும்தான் மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த உடம்பு அவளிடம் திரும்பி வந்தது.

ரையா வண்டியைக் கிளப்பினாள். அப்போது பின்கதவு திறந்தது. நஸ்ரா ஏறி உட்கார்ந்தாள். கேட்டுக்கொண்டு ஏறவில்லை, ஏறாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

வண்டி கடற்கரைச் சாலைக்குத் திரும்பியது. ரையா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ரவுண்டானாவில் ஒரு தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "அடிக்கட்டும். நீ போ. உன் முறைதான்" என்றாள் ஸுவைனா. ரையா போனாள்.

கண்ணாடியில் பின்னிருக்கை தெரிந்தது. நஸ்ரா சட்டைக் கையை மேலே தள்ளித் தன் தங்கச் சங்கிலி வாட்சின் பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தினாள், பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது.

"ஸுவைனா" என்றாள் கடைசியில். "இது எரிய மாட்டேங்குது."

"கடைசியா எப்பச் சார்ஜ் போட்டீங்க?"

நஸ்ரா ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். "வாங்கின புதுசுல ஸாலிம் போட்டுக் கொடுத்தான். சும்மா எழுந்திரு, நடன்னு நச்சரிச்சுது. விட்டுட்டேன். சார்ஜர் எங்கன்னுகூடத் தெரியலை."

இரண்டு வருஷம்! இரண்டு வருஷமாகச் செத்த கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் கையை நீட்டியிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் ஸுவைனா சிரித்தே உருண்டிருப்பாள். கல்ஃபானிடம் சொல்லச் சாயங்காலம் வரை பொறுத்திருக்கவும் மாட்டாள், கடைக்கே ஓடியிருப்பாள். இன்று சொல்ல ஆளில்லை. நஸ்ரா அதை நகை என்று சொன்னதில் பொய்யே இல்லை என்பது இப்போதுதான் புரிந்தது. அவள் கையில் அது நகையாகத்தான் இருந்தது.

"எனக்கும் சர்க்கரை இருக்கு ஸுவைனா. நிஜமாவே இருக்கு. காலையிலேருந்து எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. இதை எரிய வச்சுக் குடு."

"வச்சுத் தரேன். ஆஸ்பத்திரியில உங்களையும் பார்க்கச் சொல்றேன். ஆனா முதல்ல ஒண்ணு சொல்லணும் நீங்க."

"என்ன?"

"இது நகை இல்லைன்னு சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. ரையா வேகத்தைக் குறைத்தாள். நஸ்ரா இன்னமும் பொத்தானை அழுத்திக்கொண்டேயிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்த குரலில், உதடு அசைந்ததா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சொன்னாள்.

"நகை இல்லை."

ஸுவைனா கண்ணாடியைப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் தளர்ந்து ஆடிய அந்தக் கறுப்பு வாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"சத்தமாச் சொல்லுங்க உம்மு ஸாலிம். உங்க தம்பிக்குக் கேக்கட்டும்."